ஏணி ஏறாத கோடை

முதல் தலைச்சுற்று 1997 ஜூன் ஐந்தாம் திகதி, வியாழக்கிழமை, காலை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் வந்தது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது என் ஞாபகசக்தியால் அல்ல. அன்று மாலையே அதை ஒரு நீலக் கொப்பியில் எழுதி வைத்தேன். நான் வேலை செய்த வீட்டின் வரவேற்பறையில், ஏணியின் நான்காவது படியில் நின்று திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கொழுக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதடுகளுக்கிடையில் கவ்விக்கொள்வது என் பழக்கம். ஏழாவது கொழுக்கியை எடுத்தபோது எதிர்ச்சுவர் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தரையில் குந்தியிருந்தேன். ஏழு கொழுக்கிகளும் வாயிலேயே இருந்தன.

வீட்டுக்காரி எழுபத்திரண்டு வயது விதவை. எல்லோரையும் போல நானும் அவரைச் சின்யோரா என்றுதான் கூப்பிட்டேன். அவர் இத்தாலிய மொழியில் சொல்வதை என் காது எப்போதும் எங்கள் பேச்சாகவே மாற்றிக் கேட்கும். அப்படியே எழுதுகிறேன்.

"என்ன, மேலை ஏறி நிண்டு செபம் செய்யிறியோ? முகம் மொத்சரெல்லாப் பாற்கட்டி மாதிரி வெளுத்துக் கிடக்கு. முதல்லை அந்தக் கொழுக்கியளைத் துப்பு!"

துப்பினேன். அவர் சீனி போட்ட தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நோயின் மிச்சம்தான் என்று அவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லோரும் அப்படி நினைத்ததுதான் இந்தக் கதையின் கோளாறு.

நோய் முந்தின ஆண்டில் தொடங்கியது. 1996 செப்டெம்பரில் சின்யோராவின் மலைவீட்டைப் பூட்டி வைப்பதற்காக அவருடன் போயிருந்தேன். இத்தாலியின் தெற்கே நாங்கள் இருந்த பலெர்மோ நகரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வீட்டைச் சுற்றி ஆடுகள் மேயும் புல்வெளி. திரும்பி வந்த மறுநாள் முழங்காலின் பின்புறம் ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. ஊரில் மாட்டிலிருந்து பிடுங்குவது போலப் பிடுங்கி நசுக்கிவிட்டு மறந்துவிட்டேன். பத்து நாளில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்தது; வட்டம் நாளுக்கு நாள் பெரிதாகியது. நான் அதைப் படர்தாமரை என்று முடிவுகட்டி, நானே களிம்பு வாங்கிப் பூசினேன். வட்டம் மறைந்தது. களிம்பு வேலை செய்தது என்று கொப்பியில் எழுதியும் வைத்தேன். மார்கழியில் காய்ச்சல், தையில் வலது முழங்கால் பலாப்பிஞ்சுபோல வீங்கி மடக்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரியின் தொற்றுநோய்ப் பிரிவில் இருந்த ஒரு பெண் மருத்துவர்தான் என்னிடம் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றிக் கேட்டு, இரத்தம் எடுத்துப் பார்த்து, லைம் நோய் என்றார். ஒரு மாதம் மாத்திரை. அது போதாமல் மார்ச்சில் இன்னொரு சுற்று, இந்த முறை ஊசி. வீக்கம் வடிந்தது. ஆனால் களைப்பும் மூட்டு உளைவும் விட்டுவிட்டு வந்துகொண்டேயிருந்தன. "சிலருக்கு இது நீளும். உங்களை நான் இன்னும் கைவிடேல்லை" என்று அந்த மருத்துவர் சொன்னார். பிறகும் தொடர்ந்து தந்த மாத்திரையோடு பால் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் எதையும் பாதி செய்பவன் அல்ல, பாலையே நிறுத்திவிட்டேன்.

ஜூனுக்குப் பிறகு தலைச்சுற்று நிற்கவில்லை. படுக்கையிலிருந்து எழும்பினால் வரும். தரை துடைத்து நிமிர்ந்தால் வரும். பஸ்ஸுக்காக வெயிலில் நின்றால் கண் முன்னே சாம்பல் நிறம் பரவும். மருத்துவர் காதைச் சோதிக்க அனுப்பினார், காதில் குறையில்லை. தலையைப் படம் எடுத்தார்கள், தலையிலும் குறையில்லை. மாத்திரையின் குணமோ என்று மாத்திரையை மாற்றினார். ஜூலை முழுவதும் புது மாத்திரையுடன் அதே தலைச்சுற்று.

ஒரு மனிதனுக்குத் தலைசுற்றுவது பெரிய விடயமல்ல. ஆனால் எனக்கு அந்த ஏணி வேண்டும். என் மனைவி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து, தன் சின்னம்மாவுடன் காத்திருந்தாள். கலியாணமாகி நான்கு மாதத்தில், 1991 இல், நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டவன். ஆறு ஆண்டுகளில் அவளுடைய கடிதங்கள் நூற்றுப் பதினொன்று வந்திருந்தன. முகத்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை. 1997 ஏப்ரல் ஒன்பதாம் திகதி, புதன்கிழமை, அவளை அழைப்பதற்கான பத்திரங்களைப் பொலிஸ் தலைமையகத்து வெளிநாட்டார் பிரிவில், குவெஸ்தூராவில், கொடுத்திருந்தேன். அந்தக் கோப்பின் முதுகெலும்பு சின்யோராவின் கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தம். வேலை போனால் கோப்பும் போகும்.

இதைச் சின்யோராவும் அறிவார். அதனால்தான் ஓகஸ்ட் தொடக்கத்தில், மலைவீட்டுக்குப் புறப்படுவதற்கு முன், என்னைக் கதிரையில் இருத்திவைத்துச் சொன்னார்.

"உன்னை நிப்பாட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனா நீ ஏணியிலையிருந்து விழுந்து மண்டையைப் போட்டால் நான் ஆருக்கு மறுமொழி சொல்லுறது? உன்ரை மனுசிக்கோ, பொலிசுக்கோ? செப்டெம்பர் முடிய முதல் இதுக்கு ஒரு காரணம் கண்டுபிடி. இல்லாட்டி நான் வேறை ஆளைப் பாக்க வேணும்."

"ஓம் சின்யோரா" என்றேன்.

அந்த மாதம் கோடை விடுமுறையில் நகரம் காலியாக இருந்தது. நான் அல்பெர்கேரியாப் பகுதியில் என் அறையில் இருந்து நீலக் கொப்பியை நிரப்பினேன். கொப்பியை மூன்றாகக் கோடிட்டிருந்தேன்: திகதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது. சந்தைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஓர் இத்தாலிய மருத்துவக் களஞ்சியம் வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தலைச்சுற்று என்ற பகுதியைப் படித்து முடித்தேன். அதில் சொன்ன காரணங்களில் பாதி எனக்கு இருப்பதாகத் தோன்றியது. ஆனால் கொப்பி ஒரு விடயத்தைத் தெளிவாகக் காட்டியது: சனிக்கிழமைகளில் தலைச்சுற்று குறைவு. ஞாயிறு நண்பகல் வரைக்கும்கூடச் சில வாரம் தாங்கும். திங்களிலிருந்து மறுபடி தொடங்கும்.

சனிக்கு முந்தினது வெள்ளி. வெள்ளி மாலைகளில் எங்கள் ஆட்கள் ஒரு கீழ்த்தள அறையில் கூடிப் பூசை வைப்பார்கள். நான் தவறாமல் போவேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. அம்மன் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

என்னுடன் அறையில் இருந்தவன் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கன். என்னைவிட எட்டு வயது இளையவன். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அவனிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப தினமும் கோயிலுக்குப் போங்கோவன் அண்ணை" என்றான். "இல்லாட்டி என்னோடை ஞாயிறு பூசைக்கும் வாங்கோ. ரெண்டு பக்கத்தாலையும் பிடிச்சால் விழமாட்டியள்."

"பகிடி விடாதை."

"பகிடியில்லை. நீங்கள் சட்டியும் தனி, அடுப்பும் தனி எண்டு என்னத்தை அவிச்சுத் தின்னுறியளோ தெரியேல்லை. ஒரு மீன் தலையைத் தின்னுங்கோ, எல்லாம் நிக்கும்."

அவன் சொன்னது மீன் தலையைப் பற்றி. ஆனால் தனிச்சட்டி என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. என் சட்டியில் என்ன இல்லை என்று அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

இதை எழுதுவதற்கு இப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கடவுள் உண்டு என்ற பக்கத்தையும் இல்லை என்ற பக்கத்தையும் நிறைய வாசித்தவன் நான். நேர்த்திக்கடன் வைக்கிற ஆட்களைக் கண்டு உள்ளுக்குள் சிரித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த ஏப்ரல் புதன்கிழமை, அலுவலர் என் பத்திரங்களில் முத்திரை குத்தி, "பொறுத்திரு" என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து மதிலோரம் நின்றேன். செய்வதற்கு என்னிடம் இனி ஒன்றுமே இருக்கவில்லை. வாசித்த எந்தப் புத்தகமும் அந்த இடத்தில் உதவவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் செய்வது ஞாபகம் வந்தது. அவள் வந்து சேரும்வரை உப்பை விட்டுவிடுகிறேன் என்று அம்மனிடம் சொன்னேன். அன்று இரவே உப்பில்லாத சோறும், உப்பில்லாத பருப்பும். பாணிலும் உப்பு இருக்கிறதென்று பாணையும் விட்டேன். இந்த விடயத்தை நீலக் கொப்பியில் எழுதவில்லை. அதற்கென்று ஒரு சிவப்புக் கொப்பி இருந்தது: கடிதம் வந்த நாள், போன நாள், தொலைபேசியில் கதைத்த நாள், குவெஸ்தூராவுக்குப் போன நாள். அவளைப் பற்றியவை எல்லாம் சிவப்பில், என் உடம்பைப் பற்றியவை நீலத்தில். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து நான் ஒருநாளும் திறந்ததில்லை.

மருத்துவர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்தான். சோறு, மரக்கறி, பருப்பு, பஸ்தா, பழம் என்றேன். எல்லாம் உண்மை. நேர்த்தி என்று சொன்னால் அவர் என்னை எந்த வகை மனிதன் என்று நினைப்பாரோ என்று அதை மட்டும் சொல்லவில்லை.

செப்டெம்பர் இரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, சின்யோரா மலையிலிருந்து திரும்பிவிட்டிருந்தார். மதியம் அவருக்குப் பரிமாறிவிட்டு, அடுப்படியில் எனக்கென்று வேறாகத் தக்காளிப் பழம் போட்டுக் கொஞ்சம் பஸ்தா அவித்து வைத்திருந்தேன். பாத்திரம் எடுக்க வந்தவர், போகிற போக்கில் என் சட்டியிலிருந்து ஒரு துண்டைக் கையால் எடுத்து வாயில் போட்டார். மென்றது நின்றது.

"இது என்ன?"

"பஸ்தா, சின்யோரா."

"இதிலை உப்பில்லை."

"ஓம்."

"மறந்துபோனியோ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் இரண்டாவது துண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு, துரோகம் கண்டுபிடித்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"மதோன்னா! பஸ்தாத் தண்ணிக்கு உப்புப் போடாத மனிசனையோ நான் இவ்வளவு காலமும் அடுப்படியிலை வைச்சிருந்தனான்? எத்தினை நாளா இந்தக் கூத்து?"

"இண்டைக்கு நூற்று நாப்பத்தேழாவது நாள், சின்யோரா."

அந்தக் கணக்கைக் கேட்டதும் அவர் கோபம் இறங்கிவிட்டது. கதிரையை இழுத்து இருந்தார். பலெர்மோக்காரருக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு செப்டெம்பரும் இந்த ஊர்ச் சனம் வெறுங்காலுடன் மலையேறி, தங்கள் புனிதையிடம் நேர்த்தி தீர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். சின்யோராவும் தன் கணவருக்கு நோய் வந்தபோது ஏறியவர்.

"மனுசிக்காக?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"நேர்த்தி எண்டால் காலாலை செய்யிறது, மகனே. வயித்தாலை இல்லை" என்றார். பிறகு எழுந்து போய் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, என் முன்னாலேயே முழுக் கதையையும் உரத்த குரலில் சொன்னார். நான், தன் வருத்தத்தைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டு நிற்கும் தொண்ணூறு வயதுப் பாட்டனைப் போல வாசலில் நின்றேன்.

மறுநாள் மருத்துவர் என்னைப் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். எழுப்பி நிறுத்தி உடனே மறுபடி பார்த்தார். இரண்டாவது முறை அவர் முகம் மாறியது. "இன்னொருக்காப் படுங்கோ" என்றார். மூன்று தடவை அப்படிச் செய்தார். இரத்தச் சோதனையிலும் உப்புச் சத்து குறைவென்று வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. நோய் உடம்பை ஏற்கனவே தளர்த்தியிருக்கிறது, கோடை வெயிலில் வியர்வையோடு உப்புப் போய்க்கொண்டேயிருக்கிறது, உள்ளே வருவதோ ஒன்றுமில்லை. அதனால் நிமிரும்போதெல்லாம் அழுத்தம் விழுகிறது என்று கடதாசியில் கீறிக் காட்டினார்.

"வாற எல்லாருக்கும் உப்பைக் குறை, உப்பைக் குறை எண்டு சொல்லிச் சொல்லியே என்ரை தொண்டை காய்ஞ்சு போச்சு" என்றார். "கூட்டுங்கோ எண்டு சொல்ல ஒரு ஆள் வருவாரெண்டு நான் நினைக்கேல்லை. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை" என்று சொன்னேன். அது நியாயமான பதில் அல்ல. அவர் கோபிக்கவில்லை.

அன்று மாலைதான் இரண்டு கொப்பிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சிவப்பில் ஏப்ரல் ஒன்பது. நீலத்தில் ஜூன் ஐந்து. நடுவில் வெயில் ஏறிய எட்டு வாரம். இவ்வளவுதான். பிறகு வெள்ளிக்கிழமைகள். பூசை முடிந்ததும் இலையில் புளிச்சாதமும் கடலையும் இரண்டு வடையும் தருவார்கள். அம்மன் தருவதை அம்மனுக்காக விட்டதோடு சேர்ப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் நான் அவற்றை ஆசையோடு, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். எல்லாம் நல்ல உப்பு. சனிக்கிழமை என்னை நிமிர்த்தி வைத்தது அதுதான். நான் அதை அருள் என்று எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தேன். அதை வெட்டப் பேனாவை எடுத்தேன். பிறகு வெட்டாமல் விட்டுவிட்டேன்.

காரணம் தெரிந்துவிட்டது. ஒரு சிட்டிகையில் தீரும் வருத்தம். ஆனால் என்னால் உப்பை எடுக்க முடியவில்லை. பத்திரம் போய் ஐந்து மாதம், பதில் இல்லை. இந்தப் பக்கம் நான் உப்பைப் போட, அந்தப் பக்கம் கோப்பு விழுந்துவிட்டால்? இது முட்டாள்தனம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமையும் தனிச்சட்டியில் வெறும் சோறு அவித்தேன். இப்போது எல்லாம் தெரிந்துவிட்ட மன்னார்க்காரன் தன் உப்புப் போத்தலைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தான்.

"அண்ணை, அண்ணி வந்து இறங்கேக்கை கூட்டிக்கொண்டு வர ஆள் வேணுமெல்லோ? நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறது? உங்கடை அவர் எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது, உப்பில்லாமல் காய்ஞ்சு போனாரெண்டோ?"

"நாளைக்கு அவவோடை கதைச்சிட்டுப் பாப்பம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, செப்டெம்பர் ஏழு, பலெர்மோவில் ஒரு மணி. கொழும்பில் ஐந்து. தொலைபேசிக் கடையின் மூன்றாவது கூண்டு. எப்போதும் முதலில் சாப்பாட்டைத்தான் கேட்போம்.

"சாப்பிட்டனீரே?"

"ஓம், நீங்கள்? தலைச்சுத்து எப்பிடி? டொக்டர் என்ன சொன்னவ?"

சொன்னேன். ஏப்ரலிலிருந்து தொடங்கி, திகதி தவறாமல், ஒரு மூச்சில் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இருக்கிறீரோ?"

"இருக்கிறன். எனக்குச் சொல்லாமல் அஞ்சு மாசமோ?"

"நேர்த்தியைச் சொல்லித் திரியக் கூடாதெண்டு..."

"அது ஊருக்கு. எனக்குமோ?" பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று. "இவ்வளவு புத்தகம் படிச்ச மனிசன்! அந்தச் சின்யோரா நல்லாப் பேசினவவோ?"

"நல்லாப் பேசினவ."

"அது காணாது. நான் வந்து மிச்சம் பேசுறன்." வேறு குரலில் சொன்னாள்: "இஞ்சருங்கோ, இண்டைக்கே உப்புப் போட்டுச் சாப்பிடுங்கோ."

"அப்ப அம்மனுக்குச் சொன்னது?"

"மிச்சத்தை நான் பிடிக்கிறன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. எனக்குப் பதிலாகத் தான் உப்பை விடப்போகிறாள் என்று விளங்கியதும் கூண்டுக்குள் கத்தினேன். வேண்டாம், கொழும்பு வெயிலும் வெயில்தான், உமக்கும் தலை சுத்தும், நான் சொல்லுறதைக் கேளும் என்றேன். வெளியே காத்து நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கென்ன, உண்ணி கடிச்சதே?" என்றாள். "நான் ஏணியிலையும் ஏறுறேல்லை. முழுநாளும் இந்த அறைக்குள்ளை இருந்து யன்னலைப் பாக்கிறது. ஒண்டும் செய்யாமல் இருக்கிறது எவ்வளவு கஷ்டமெண்டு உங்களுக்குத் தெரியுமோ? நீங்களாவது உப்பை விட்டியள். எனக்கும் ஏதாவது தாங்கோ."

மதிலோரம் நான் நின்ற அதே இடத்தில் அவளும் நின்றுகொண்டிருந்திருக்கிறாள், ஆறு ஆண்டாக. பேரம் பேசினேன். வெள்ளிக்கிழமை மட்டும் என்றேன். வெள்ளியும் செவ்வாயும் என்றாள். தலை சுற்றினால் உடனே நிற்பாட்ட வேண்டும் என்றேன்.

"ஓம், ஓம்" என்றாள். ஓம் என்று இரண்டு தரம் சொன்னால் அவள் செய்யமாட்டாள் என்பது, நான்கு மாதக் குடித்தனத்தில் நான் அவளைப் பற்றித் தெரிந்துகொண்ட சில விடயங்களில் ஒன்று.

அறைக்கு வந்தேன். மன்னார்க்காரன் வேலைக்குப் போயிருந்தான். போத்தல் மேசையிலேயே இருந்தது. பருப்பைச் சூடாக்கி, உப்பைப் போட்டுக் கலக்கி, சோற்றில் விட்டுச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. இரண்டாம் தரம் போட்டுக்கொண்டேன். அந்த மாதம் இருபதாம் திகதிக்குள் நிமிரும்போது சுவர் நகர்வது நின்றது; மூட்டு உளைவு இன்னும் சில மாதம் இழுபட்டது. முப்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, சின்யோரா ஏணியின் காலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க, குளிர்காலத் திரைச்சீலைகளைப் போட்டேன். என் வேலை நின்றுவிடவில்லை. கோப்பு எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. அனுமதி வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது.

ஆனால் நான் அதிகம் நினைப்பது அந்த ஞாயிற்றுக்கிழமையின் பின்னேரத்தை. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி. வெள்ளவத்தையில் ஏழு. அவள் அடுப்பில் கறி வைக்கும் நேரம். எங்கள் நான்கு மாதத்தில், கறி கொதித்து வரும்போது அகப்பையிலிருந்து ஒரு துளியை இடது உள்ளங்கையில் விட்டு, நாக்கால் தொட்டுப் பார்த்து, ஒரு கண்ணைச் சுருக்குவாள். உப்புக் காணாதென்றால் அந்தக் கண் அப்படியே நிற்கும். அன்று ஞாயிறுதான் என்றாலும் அந்தக் கண்ணுக்கு வேலை இருந்திருக்காது. பார்க்காமலே இறக்கி வைத்திருப்பாள்.